நான் உட்காராத ஜீப்பு

போன மாதம் என் மகன் கார் வாங்கினான். ஆபீஸில் இருந்தபடியே போனில் படம் பார்த்தான், நிறம் சொன்னான், பணத்தையும் அதிலேயே கட்டிவிட்டான். ஒரு நாள் வண்டி வாசலில் வந்து நின்றது. மருமகள் ஆரத்தி எடுத்தாள்.

"ஏம்ப்பா, வாங்குறதுக்கு முன்னாடி யாராச்சும் உக்காந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"உக்கார்றதுல என்னம்மா இருக்கு பாக்குறதுக்கு? சீட் இருக்கு, உக்காரப் போறோம்" என்று சிரித்தான்.

நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து பார்ப்பதும் உட்கார வைத்துப் பார்ப்பதும்தான் என் உத்தியோகம். அந்தச் சம்பாத்தியத்தில்தான் அவன் படித்தான்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், என் பெயரை எழுதுவேன். இதை நான் சொல்லச் சொல்ல, இரும்புலியூரில் எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரம்மா எழுதினார். எழுத்து அவருடையது. மற்றதெல்லாம் என்னுடையது.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம், பழைய வண்டிகளை வாங்கி விற்கிற இடங்கள் அப்போது ஒன்றிரண்டுதான். கன்சல்டிங் என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அதில் ஒன்று ஞானம் சாருடையது. முழுப்பெயர் ஞானப்பிரகாசம். மிலிட்டரியில் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனவர். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நீளமான கொட்டகை, முன்னால் சரளைக்கல் கொட்டிய மைதானம், ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் இடம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். செங்கல்பட்டுப் பக்கம் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் அப்போது கைக்குழந்தை. வண்டி கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் பக்கெட்டோடு போய் நின்றேன். சார் பெயரைக் கேட்டார். தனம் என்றேன். தொட்டியைக் காட்டினார். வேலை கிடைத்த கதை இவ்வளவுதான்.

முதல் நாள் ஒரு காரை வெளியில் பளபளவென்று கழுவி வைத்தேன். சார் வந்து பார்த்தார்.

"உள்ள ஏன் தொடைக்கல?"

"நான் ஏறக் கூடாது சார். அவரு போயி வருஷம்கூட ஆவல. வாங்க வர்றவங்க நல்லது கெட்டது பாப்பாங்க. எனக்கு முன்னாடி சுமங்கலியா யாராச்சும் ஏறி எறங்குனா அப்புறம் தொடைச்சுடுறேன்."

சார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "வண்டிக்குத் தெரியாதும்மா நீ யாருன்னு. ஏறு. ஏறி உக்காந்து, சீட்ல ஸ்பிரிங் குத்துதான்னு சொல்லு."

ஏறினேன். குத்தியது. சொன்னேன். அன்றைக்கே சீட்டைப் பிரித்துச் சரி பண்ணினார். அதற்குப் பிறகு அங்கே வந்த எந்த வண்டியானாலும் முதலில் நான் ஏறி, எல்லா சீட்டிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அந்த இடத்துச் சட்டமாகிவிட்டது. நான் உட்காராத வண்டியை அவர் விற்க மாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தேன். அந்தச் சட்டம் மீறிப் போனது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த வண்டியையும் 'நல்ல வண்டி' என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. வந்தவர்களிடம் முதலில் அந்த வண்டியின் குறையைச் சொல்வார். "இதுக்கு மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். அப்புறம் இங்க ஒரு டிங்கர் வேலை பாத்திருக்கு, வெயில்ல பாத்தா தெரியும்" என்று அவரே விரலால் தடவிக் காட்டுவார். வண்டிக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுவார், அது அழுக்கு லாரியாகவே இருந்தாலும். ஏன் சார் என்று ஒரு தடவை கேட்டேன். "நாளைக்கு அது ஒருத்தர் வூட்டு ரூம் மாதிரிம்மா" என்றார்.

குடும்பம் வந்தால் ஒரு முறை வைத்திருந்தார். ஆம்பளைகள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். அது அவர் பாடு. பொம்பளைகள் என் பாடு. காரணம், பெண்கள் அவரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். எது கேட்டாலும் "அவங்க பாத்துச் சொல்லட்டும்" என்பார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் சொல்வார்கள், வண்டி வேண்டாம் என்று. அதனால் நான் முதலில் நடு சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வாங்கக்கா, இங்க வாங்க, சும்மா உக்காந்து பாருங்க" என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். கூடவே கவனிப்பேன். புடவை எதில் மாட்டுகிறது, மாமியாரும் மருமகளும் தோள் இடிக்காமல் உட்கார முடிகிறதா, மடியில் குழந்தை இருந்தால் கதவைச் சாத்த எந்தக் கை மிச்சம் இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் இறங்கிவிடுவேன். சார் வந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே கைகட்டி நிற்பார். உள்ளே வேர்க்கும். பேச்சு நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "என் கால் மடங்க மாட்டேங்குது." "மாமாவுக்கு எடம் எங்க?" அதன் பிறகுதான் கதவைத் திறப்பார். விலை பேசுவது டீ குடித்த பிறகு.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சின்ன வேன் வந்தது. பெட்டி போல இருக்கும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு, தாழ்வான தரை, குடும்பமே அதில் அடங்கும். அதற்கு முன்னால் பெரிய குடும்பம் என்றால் ஜீப்புதான். உயரமான வண்டி. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. வேன் வந்ததிலிருந்து எங்கள் மைதானத்தில் தினமும் இதே வழக்குதான், வேனா ஜீப்பா என்று.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் வந்தார். சம்சாரம், மாமியார், பெண்கள் என்று ஒரு பட்டாளம். வேனின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன சார் இது, முன்னாடி மூக்கே இல்லாத வண்டியா இருக்கு. எதுலயாவது மோதினா என் முட்டிதானே பம்பர்?"

பின்சீட்டிலிருந்து அவர் சம்சாரம் சொன்னார்: "வண்டிக்கு மூக்கு இல்லன்னா பரவாயில்ல. உங்க மூக்கு இருக்கே, அது போய் மொதல்ல மோதும்."

மாமியார் வெற்றிலை துப்பக் கூட மறந்து சிரித்தார். சார் சிரிக்காமல், "அவர் சொல்றது சரிதாம்மா. இந்த வண்டியை மெதுவாத்தான் ஓட்டணும். வேகமா ஓட்டுறவருக்கு நான் குடுக்க மாட்டேன்" என்றார். அவர்கள் வேனைத்தான் வாங்கினார்கள். ஆபீசர் அதை மாட்டு வண்டி போல ஓட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம். அதனால்தான் முடிச்சூர்க்காரர்கள் வந்த நாள் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

முடிச்சூரில் அப்போதுதான் வயல்கள் மனைகளாகத் தொடங்கியிருந்தன. கன்னியம்மா என்கிற அம்மா. புருஷன் போய் ரொம்ப வருஷம். அவர் பேரில் இருந்த ஏரியோர நிலத்தை விற்று வந்த காசில் ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். மூத்தவன் தேவராஜ், அவன் சம்சாரம் மல்லிகா, இளையவன் சேகர், பிள்ளைகள் எல்லோருமாக வந்தார்கள். கன்னியம்மா கொட்டகை நிழலில் ஒதுங்கி நின்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னார்.

"கேளம்பாக்கத்துல பொண்ணக் குடுத்துக்கீறேன். வசந்தான்னு பேரு. கல்யாணத்துக்கு நாங்க லாரியில போய் எறங்குனோம். 'பொண்ணு வூட்டுக்காரங்க மூட்டையோட மூட்டையா வந்துட்டாங்க'ன்னு அவ மாமனாரு பந்தியில வச்சே சிரிச்சாரு. அன்னிக்கே சொன்னேன், இனிமே சொந்த வண்டி வச்சிக்கினுதான் இந்த வாசப்படி மிதிப்பேன்னு."

"அப்புறம் போவவே இல்லையாம்மா?"

"சொன்ன சொல்லு கீதே. அவங்களும் அவள அனுப்புறது கெடையாது. இப்ப நெனச்சாலும் பஸ்ஸுல ஏற முடியல. முட்டி பேஜார் பண்ணுது. கொழந்த பொறந்து நடக்குதாம். நான் இன்னும் மொகம் பாக்கல."

இப்படிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வேனிடம் போனார். நான் கதவைத் தள்ளித் திறந்தேன். அவர் ஏறவில்லை. குனிந்து வேனின் தரையில் உள்ளங்கையை வைத்தார். அதே கையைத் தன் முட்டி வரைக்கும் கொண்டுவந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "முட்டிக்குக் கீழதான் கீது" என்றார், என்னிடம் இல்லை, வேனிடம் சொல்வது போல.

ஆம்பளைகளுக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அன்று காலைதான் ஒரு ஜீப்பு வந்திருந்தது. கேட் பக்கம் சேறும் சகதியுமாக நின்றது. நான் அதை இன்னும் தொடவில்லை. சேகருக்குக் கண் அதன் மேலேயே இருந்தது.

"அண்ணா, வேன்ல போனா 'இன்னா, ஸ்கூல் பசங்கள ஏத்திக்கினு வந்தியா'ன்னு கேப்பான் அந்த ஆளு. ஜீப்புல போய் நிறுத்திப் பாரு, தானா எழுந்து நிப்பான்."

"எழுந்து நிப்பான்டா, பெட்ரோலுக்கு அவனா காசு குடுப்பான்?" என்றான் தேவராஜ்.

"அது டீசல்ண்ணா!"

"டீசல மட்டும் கொயாயில புடிச்சுக்குவியா?"

தேவராஜுக்கு வேன்தான் பிடித்திருந்தது. மல்லிகாவுக்கும்தான். பிள்ளைகளோடு வேனுக்குள் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நல்லா கீதுக்கா, காத்து வருது" என்றாள். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ஒரு இடம் காலியாக இருந்தது, கதவோரத்து இடம். நான் இறங்கிப் போய்க் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏறுங்கம்மா. நீங்க உக்காந்தாத்தான் கதவு சாத்துவாரு சார்."

"நான் அப்பால ஏறிக்கிறேம்மா. பூச போட்டு, அவங்கல்லாம் ஏறி ஒரு சுத்து சுத்தி வரட்டும். தாலியில்லாதவ மொதமொத ஏறலாமா? புள்ளைங்களுக்கு ஆவாது."

"இது சும்மா உக்காந்து பாக்குறதும்மா. உங்க கால் எடுத்து வைக்க வருதான்னு பாக்க வேணாமா?"

"கண்ணால பாத்தேனே, போதும்."

அந்த அம்மாவைப் பார்க்க எனக்கு முதல் நாள் பக்கெட்டோடு நின்ற என்னையே பார்ப்பது போல இருந்தது. நான் புடவைக்கு மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை போட்டிருப்பேன். நெற்றியில் எது வைத்தாலும் வேர்வையில் நிற்காது. அதனால் நான் இன்னார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நானும் மறைத்ததில்லை, யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நானாகவே சொன்னேன்.

"எனக்கும்தாம்மா அவரு இல்ல. இங்க கீற எல்லா வண்டியிலயும் மொதல்ல ஏறுறது நான்தான். எத்தினியோ குடும்பம் வாங்கிக்கினு போயி நல்லாத்தான் கீது. நீங்க ஏறுங்க."

கன்னியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கை கதவைப் பிடித்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். ஆனால் அதற்குள் வேனுக்குள் பேச்சு நின்றுபோனது. மல்லிகா பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். கடைசியாகத் தானும் இறங்கி, புருஷனை ஓரமாகக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

"வண்டி கழுவுற அந்தம்மா மேல எனக்கு இன்னா இருக்கு? ஆனா தெரிஞ்சப்புறம் எப்படி? நம்ம வூட்ல ஏற்கெனவே ஒருத்தரு போயிட்டாரு. புள்ளைங்கள ஏத்திக்கினு போற வண்டி இது."

அவளைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் பயந்தாள். அந்தப் பயத்தைத்தான் கன்னியம்மாவும் தனக்குள் வைத்திருந்தார். நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன்.

தேவராஜ் தலையைச் சொறிந்துகொண்டு சாரிடம் வந்தான். "சார், இந்த வேன் வேணாம். வேற எதுனா..."

சாருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. குரல் மாறவில்லை. "இங்க இருக்குற எல்லா வண்டியிலயும் தனம் உக்காந்திருக்கா. அவ உக்காராம நான் விக்கிறதில்ல."

"அந்த ஜீப்பு?" என்றான் சேகர்.

சார் பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. "அது இன்னிக்குக் காலையிலதான் வந்தது. அதுல இன்னும் உக்காரல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தனம், போய் ஏறும்மா" என்றார்.

நான் நடந்தேன். தேவராஜ் முந்திப் போய் ஜீப்பின் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல், "வேணாங்க்கா. அப்படியே இருக்கட்டும். நாங்க இதையே எடுத்துக்குறோம். கழுவக்கூட வேணாம், நாங்க கழுவிக்குறோம்" என்றான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் கையைத் தள்ளிவிட்டு ஏற எனக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. பின்னால் கன்னியம்மா நின்றார். என் சட்டைக் கையைப் பிடித்து, "வுடும்மா. எனக்காகச் சண்ட வேணாம். புள்ளைங்களுக்குப் புடிச்சத வாங்கட்டும். எதுல போனா இன்னா, போய்ச் சேர்ந்தா போதும்" என்றார். அந்தக் கைக்காகத்தான் நின்றேன்.

சார் ஜீப்பின் குறைகளை வரிசையாகச் சொன்னார். கடைசியாக, "உயரம் ஜாஸ்தி. வயசானவங்க ஏற கஷ்டம். அம்மாவ ஒரு தடவ ஏறச் சொல்லிப் பாருங்க" என்றார்.

"பூச போடாம ஏற மாட்டாங்க சார். நாங்க இத்தினி பேரு கீறோமே, ஏத்திக்க மாட்டமா?" என்றான் தேவராஜ். அவன் மனசாரச் சொன்னான். அம்மா மேல் பாசம் இல்லாத பிள்ளைகள் இல்லை அவர்கள்.

வண்டி எடுக்கிற நாளும் வந்தது. எங்கள் மைதானத்திலேயே பூசை. பிள்ளைகளே ஜீப்பைக் கழுவி, பட்டையாகச் சந்தனம் பூசி, கதம்ப மாலை போட்டிருந்தார்கள். அங்கிருந்து நேராகக் கேளம்பாக்கம் போவதாக ஏற்பாடு. பழத்தட்டு, ஸ்வீட்டு, குழந்தைக்குக் கொலுசு, எல்லாம் ஏற்றியாயிற்று. கன்னியம்மா ஊதா நிறத்தில் புதுப்புடவை கட்டி, தலையை வழித்து வாரியிருந்தார். கற்பூரம் காட்டும்போது தூண் மறைவில் நின்றுகொண்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் ஏறினார்கள். கடைசியாக அவர் வந்தார்.

ஒரு காலைத் தூக்கினார். பாதி தூரம்கூடப் போகவில்லை. இறக்கிவிட்டு, மற்றக் காலைத் தூக்கிப் பார்த்தார். மல்லிகா உள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டி, "அத்தே, என் கையப் புடிங்க, மெதுவா வாங்க" என்றாள். பிடித்தார். முடியவில்லை. சேகர் குதித்து இறங்கி, "தூக்கிடலாம்மா, இன்னா இப்ப" என்று இடுப்பில் கை கொடுத்தான்.

"வுடுடா. பொணத்தத் தூக்குறாப்ல தூக்காதீங்கடா, நல்ல நாளும் அதுவுமா. அங்க போயும் இப்டித்தான் எறக்குவீங்களா? அந்த ஆளு பாத்துக்கினு நிப்பாரு."

நான் ஓடிப் போய், வண்டிக் கூரை கழுவ வைத்திருந்த ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். சரளைக்கல்லில் அது நிலையாக நிற்கவில்லை. ஒரு கால் வைத்தவர், ஸ்டூல் ஆடியதும் பயந்து என் தோளில் சாய்ந்துவிட்டார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. நல்ல நேரம் போவுது. எனக்கு வூட்ல மாடு கத்திக்கினு இருக்கும்."

"அம்மா, நீ இல்லாம எப்டிமா..." என்றான் தேவராஜ்.

"அடுத்த தரம் வர்றேன். வசந்தா கிட்ட சொல்லு, அம்மா வண்டி வாங்கிட்டான்னு."

ஜீப்பு போயிற்று. மாலை காற்றில் ஆடியது. கன்னியம்மா அதே ஸ்டூலில் உட்கார்ந்து, புழுதி அடங்கும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் அந்த வேனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். இறங்கி வந்து, அவரே கதவைத் தள்ளித் திறந்தார். "வாங்கம்மா, வூட்ல விடுறேன்."

கன்னியம்மா என்னைப் பார்த்தார். நான் முதலில் ஏறினேன். அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல், நம் வீட்டு நடைப்படியில் ஏறுவது போல ஏறி, அன்று காலியாக இருந்த கதவோரத்து இடத்தில் உட்கார்ந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார். வண்டி முடிச்சூர் ரோட்டில் திரும்பியதும் முகத்தில் காற்று அடித்தது.

"இது சவுகரியமா கீது" என்றார்.

சார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார்: "அம்மா, கேளம்பாக்கமே போயிடலாமா? அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள நாமளும் போயிடலாம்."

சரி என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். கன்னியம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அடுத்தவங்க வண்டியில போய் எறங்கவா சாரே இத்தினி வருஷம் பொறுத்துக்கினு இருந்தேன்? வேணாம். வூட்லயே வுடுங்க."

வீட்டில் விட்டோம். சார் மைதானத்துக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொள்ள மறந்து வெறுங்காலோடு சரளையில் நடந்து போனார்.

அதற்குப் பிறகு சில வருஷம். நிறைய வண்டி வந்தது, போனது. ஜீப்பைவிட மழமழப்பாக, உயரமாகப் புது மாதிரி வண்டிகள் வந்துவிட்டன. வேனா ஜீப்பா என்கிற வழக்கும் மாறிவிட்டது. ஒரு நாள் நான் தொட்டியோரம் நிற்கிறேன், மாலை இல்லாமல் சந்தனம் இல்லாமல் அந்த ஜீப்பு உள்ளே வந்தது. சேகர் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்களாம். வண்டியை விற்கச் சொன்னான்.

"அம்மா எப்டி கீறாங்க?" என்று கேட்டேன்.

அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். "அம்மா போயிட்டாங்கக்கா."

நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன். கேட்காமலே அவன் சொன்னான்.

"அன்னிக்கு இங்கருந்து போனமே, கேளம்பாக்கத்துக்கு. நெஜமாவே மாமனாரு எழுந்து நின்னாரு. ஜீப்ப சுத்திச் சுத்திப் பாத்தாரு. எனக்கு அப்டியே மெதப்பு. வசந்தா கொழந்தையத் தூக்கிக்கினு ஓடியாந்தா. முன்னாடி பாத்தா. அப்புறம் பின்னாடி வந்து கதவத் தொறந்து பெஞ்சுல பாத்தா. 'அம்மா எங்க?'ன்னா. பழத்தட்ட எறக்கினு இருந்தோம். மறுபடியும் உள்ள எட்டிப் பாத்தா, எங்கனா ஒளிஞ்சிக்கினு கீறாங்களான்னு பாக்குறாப்ல."

"அப்பால கூட்டிக்கினு போவலியா?"

"எத்தினியோ தரம் கூப்டோம். தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. வசந்தாவ அனுப்பச் சொல்லிக் கேட்டோம், இன்னிக்கி நாளைக்கின்னே தள்ளினாங்க. முட்டி வீங்கிக்கினே போச்சு. கொழந்தைக்குக் காது குத்துறாங்கன்னு சேதி வந்தப்போ, அம்மாவே சொன்னாங்க, 'ஒரு படி வச்சிக் குடுங்கடா, நானே ஏறி நானே எறங்குறேன்'னு. அண்ணிதான் அண்ணன வெரட்டி வெல்டிங் கடைக்கு அனுப்பிச்சாங்க. அண்ணி கையாலதான் பெயிண்ட்டு அடிச்சாங்க. காயட்டும், நாளைக்கி ஏறிப் பாக்கலாம்னு..."

அதற்குள் ஜுரம் வந்து படுத்த கன்னியம்மா எழுந்திருக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

நான் ஜீப்பைச் சுற்றி வந்தேன். இடது பக்கக் கதவுக்குக் கீழே, இரும்பில் அகலமான ஒரு படி. முட்டிக்குக் கீழே நிற்கிற உயரம். அம்மாவின் கால் அளவை யாரோ நினைத்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கால் வழுக்காமலிருக்க மேலே கம்பி வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். வண்டி முழுக்கக் கீறலும் துருவும். அந்தப் படி மட்டும் கறுப்புப் பெயிண்ட்டில் மினுமினுவென்று இருந்தது. ஒரு தேய்மானம் இல்லை. பிள்ளைகள்கூட அதில் கால் வைக்காமல் பின்பக்கமாகவே ஏறியிருக்கிறார்கள். அண்ணி வைக்க விடவில்லை என்றான் சேகர்.

சார் கொட்டகையிலிருந்து வந்தார். அப்போது அவருக்கு வயதாகிவிட்டது, கண்ணாடி தடிமனாகிவிட்டது. ஜீப்பை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. படியைப் பார்த்தார். சேகரைப் பார்த்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"தனம். இது நீ உக்காராத வண்டி. ஏறும்மா."

நான் சேகரைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு விலகி வழிவிட்டான்.

தொட்டியடியிலிருந்து வந்ததால் என் காலெல்லாம் ஈரம். அந்தப் படியில் கால் வைத்தேன். எனக்கும் அப்போது முட்டி வலி தொடங்கியிருந்தது, ஆனால் ஏற ஒரு சிரமமும் இல்லை. உள்ளே போய், கன்னியம்மா உட்கார வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றிய இடத்தில் உட்கார்ந்தேன். சார் கதவைச் சாத்திவிட்டு, பழைய வழக்கப்படி கைகட்டி வெளியே நின்றார். உள்ளே வேர்த்தது. சொல்வதற்கு என்னிடம் ஒரு குறையும் இல்லை.

நானே திறந்துகொண்டு இறங்கினேன். படியின் கறுப்புப் பெயிண்ட்டில் என் ஈரக்கால் தடம் பதிந்திருந்தது. துணி என் தோளிலேயே இருந்தது. துடைக்கவில்லை. வெயிலில் அது தானாகக் காயும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.